துறையடி ஹாஜியார்

மூதூரில் மக்காவுக்குப் போகாமலே ஹாஜியார் ஆனவர் ஒரேயொருவர்தான். அவர் பெயர் ஸைனுலாப்தீன். லாஞ்சி வந்து கட்டும் துறையடியில் வலைநூலும் தூண்டிலும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். ஊர் அவரைத் துறையடி ஹாஜியார் என்றது. அவருடைய மனைவி மைமூனாவுக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டாலே உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வரும். யாராவது வாசலில் நின்று, "ஹாஜியார் இரிக்காரா?" என்று கேட்டால், "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்ல. ஸைனுலாப்தீன் எண்டு ஒருத்தர் இரிக்கார், அவரையா கேக்கிறீங்க?" என்பாள். வந்தவர் வந்த காரியத்தையே மறந்துவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு.

பட்டம் கொடுத்த ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. எல்லாம் எழுபத்தோராம் ஆண்டு நடந்த கூத்து.

அந்த வருடம் இருவருடைய பெயரும் ஹஜ்ஜுப் பட்டியலில் வந்துவிட்டது என்று கொழும்பிலிருந்து தந்தி வந்தது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் உயிரோடு திரும்புவாரா என்பது படைத்தவனுக்குத்தான் தெரியும். அதனால் போகுமுன் வீடு வீடாக ஏறி இறங்கி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்பது ஊர் வழக்கம். பொருத்தம் கேட்பது என்பார்கள். மனிதர் பொருந்தாத பிழையைச் சுமந்துகொண்டு அல்லாஹ்வின் வீட்டு வாசலில் போய் நிற்க ஏலாதல்லவா? அப்படிக் கேட்கப் போனால் மற்றவரும் சும்மா இருக்க மாட்டார். போகிறவர் போகத்தானே போகிறார் என்ற துணிவில் தன்னுடைய பிழைகளையும் அவிழ்த்துக் கொட்டிவிடுவார்.

அப்படித்தான் பக்கத்து வளவு அலியார் ஸைனுலாப்தீனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு, அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலில் விழுந்த வேலியைத் திரும்பக் கட்டும்போது ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளிக் கட்டியதைச் சொன்னார். மைமூனாவும் தன் பங்குக்கு ஸைனுலாப்தீனின் தங்கை லைலாவின் கையைப் பிடித்து, லைலாவின் மகளுடைய நிச்சயத்துக்கு வைத்த தேங்காய்ப்பால் வட்டிலப்பம் கட்டியாகாமல் ஓடியது என்று மூன்று வீடுகளில் தான்தான் சொன்னதாக ஒப்புக்கொண்டாள். லைலா விம்மி விம்மி அழுது பொருந்தினாள். இப்படி ஊர் முழுக்க மனம் திறந்து, சோறு தின்று, கண்ணீர் விட்டு, இருவரையும் லாஞ்சியில் ஏற்றி அனுப்பிவைத்தது.

ஆறாம் நாள் மாலை லாஞ்சியில் இருவரும் பெட்டியோடு திரும்பி வந்து இறங்கினார்கள். நாட்டில் வெளிநாட்டுக் காசு இல்லை என்று ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் தொகையைக் கடைசி நேரத்தில் குறைத்துவிட்டார்கள். குறைக்கப்பட்டவர்களில் இவர்கள் இருவரும் அடக்கம். துறையடியில் நின்றவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சலாம் சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று திணறிய ஒருவர், வாய்ப் பழக்கத்தில், "ஹாஜியார் வந்திட்டார்" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் அது.

பட்டத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவிழ்த்துக் கொட்டிய பிழைகளை என்ன செய்வது? அலியார் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "நீங்க போயிருவீங்க எண்டுதானே காக்கா சொன்னனான்" என்று ஏதோ இவர்தான் ஏமாற்றியதுபோலக் குறைப்பட்டார். வேலியும் அந்த ஒரு முழத்தை விட்டு அசையவில்லை. லைலா இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"போறவவுக்குத்தான் நான் பொருந்தினனான் மச்சி. திரும்பி வந்தவவுக்கு இல்ல."

இதற்கு மார்க்கத்தில் என்ன தீர்ப்பு என்று மைமூனா யாரிடமும் கேட்கப் போகவில்லை. கேட்டால் வட்டிலப்பத்தின் கதை பள்ளிவாசல்வரை போகும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் பெயர் வராமலே ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. ஸைனுலாப்தீன் மட்டும் பட்டியல் வரும் காலம் நெருங்கியதும் தொப்பியைப் போட்டுக்கொண்டு பொருத்தம் கேட்கப் புறப்பட்டுவிடுவார். எழுபத்து மூன்றாம் ஆண்டளவில் ஊருக்கே அலுத்துவிட்டது. அவர் வேலிக் கடப்பைத் திறக்குமுன்னரே உள்ளேயிருந்து, "பொருந்திட்டம் ஹாஜியார், போயிட்டு வாங்க" என்று சத்தம் வரும். அவரும் அங்கேயே நின்று நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

"வெக்கமா இல்லயா உங்களுக்கு?" என்று மைமூனா கேட்பாள். "பேர் வரட்டும், பிறகு கேக்கலாம்தானே."

"கேக்கிறதால என்ன குறையப் போகுது? அவன்ட நேரம் வரக்குள்ள நாம ஆயத்தமா இரிக்க வேணாமா?"

அவனுடைய நேரம். இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு மைமூனாவின் காது புளித்துப் போயிற்று. பட்டியல் வரவில்லை என்றால் அவனுடைய நேரம். அரசாங்கக் கந்தோரில் கடிதம் தொலைந்தால் அவனுடைய நேரம். மாவட்டக் கச்சேரிக்குப் போகவென்று திருக்கோணமலைக்கு லாஞ்சி ஏறி, நடுக்குடாவில் எஞ்சின் நின்று, இரண்டு மணித்தியாலம் வெயிலில் மிதந்தபோதும், பக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த மனிதர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மைமூனா அப்போது, "எஞ்சினுக்கு டீசல் ஊத்தாதது லாஞ்சிக்காரன்ட பிழை. அதையும் அல்லாஹ்ட தலையில போடாதீங்க" என்றாள்.

அவளுக்குப் பொறுமை இல்லை என்று ஊர் சொல்லும். பொறுமையாக இருக்க அவளுக்கு எங்கே நேரம்? ஐம்பது வயதைத் தாண்டியபோது இரண்டு முழங்காலும் வீங்கத் தொடங்கின. ஹஜ்ஜுக்குப் போனால் கஃபாவை ஏழு தரம் சுற்ற வேண்டும், ஸபா மர்வா மலைகளுக்கு நடுவே ஏழு தரம் நடக்க வேண்டும். சொந்தக் காலில் நடந்து அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. நாலு பேர் தோளில் தூக்க, கட்டிலில் படுத்துக்கொண்டு சுற்றுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புருஷன் துணையில்லாமல் அவள் போகவும் வழியில்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் அவள் தன் முழங்காலையும் பார்த்தாள், அவருடைய முகத்தையும் பார்த்தாள். முழங்கால் வீங்கிக்கொண்டு போனது. அவருடைய முகமோ எந்த அவசரமும் இல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க மனிசனா, மரமா?" என்று கேட்டாள் ஒருநாள், மகள் பல்கீஸின் முன்னாலேயே. "கோபம் எண்டு ஒண்டு உங்களுக்கு வராதா? கொழும்புக்குப் போய் ரெண்டு வார்த்த சத்தமாக் கேக்க ஏலாதா?"

"சத்தம் போட்டா நேரம் முந்தி வந்திருமா மைமூனா?"

அவர் சத்தம் போடாததால் அவள்தான் போட வேண்டியிருந்தது. தொழுகைப் பாயில் உட்கார்ந்து கையை ஏந்தினால் அவளுடைய துஆ பாதியில் சண்டையாக மாறிவிடும். "நாயனே, நான் உன்ட வீட்டுக்கு வரத்தான் கேக்கிறன். வேற ஆர்ட வீட்டுக்கோ போகக் கேக்கல்ல. வீட்டுக்கு வாறன் எண்டு சொல்ற ஆள வாசல்ல நிப்பாட்டி வெக்கிறது நல்ல மனிசர் செய்ற வேலயா?" மகள் பல்கீஸ் அடுத்த வீட்டிலிருந்து காதைப் பொத்திக்கொள்வாள். முன் வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை கட்டிக்கொண்டு இருந்தார்கள் இருவரும். சுவர் மெல்லியது. சண்டை எல்லாம் கேட்கும்.

எழுபத்தைந்தாம் ஆண்டு மைமூனா உண்மையிலேயே உடைந்து போனாள். அந்த வருடம் வரும் என்று நூற்றுக்கு நூறு நம்பியிருந்தாள். நோன்பு முப்பதும் பிடித்து, பிறகு ஆறு நோன்பும் பிடித்து, வீங்கிய காலோடு இரவுத் தொழுகையும் தொழுதிருந்தாள். ஊரில் வேறு இரண்டு பேருக்குக் கடிதம் வந்தது. அவர்கள் வந்து பொருத்தம் கேட்டுவிட்டுப் போனார்கள். இந்த வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. அன்று அஸர் தொழுது முடித்து ஸலாம் கொடுத்தவள், கையை ஏந்தாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். என்னை வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லிவிடு, இனி நான் கேட்க மாட்டேன் என்று மனதுக்குள் சொன்னாள். தொழுகையை விடவில்லை. துஆவை விட்டாள். பதினேழு நாள் அவள் படைத்தவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பதினெட்டாம் நாள் பல்கீஸின் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறியபோதுதான், தன்னை அறியாமல் கையை ஏந்திவிட்டாள். பிறகு அந்தப் பதினேழு நாளை நினைத்து வெட்கப்பட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்சி மாறியது. வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. எழுபத்தெட்டாம் ஆண்டு கடிதம் வந்தது. ஸைனுலாப்தீன் கடையைப் பூட்டிவிட்டு, வெயிலில் செருப்பும் இல்லாமல் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். மைமூனா நம்பவில்லை. பல்கீஸைக் கூப்பிட்டு இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். இரண்டு பெயரும் இருக்கிறதா என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள். லைலாவும் கேள்விப்பட்டு ஓடிவந்து அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"இந்த முறை நிச்சயமாப் போறீங்கதானே மச்சி? லாஞ்சி குடாவத் தாண்டட்டும், நான் இஞ்ச இருந்தே பொருந்திக்கிறன்."

ஆனாலும் அவள் அங்கேயே மைமூனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பொருந்திவிட்டாள். அலியார் இந்த முறை புதிதாக ஒன்றும் சொல்லாமல் கவனமாகப் பொருத்தம் வாங்கிக்கொண்டார்.

புறப்படுவதற்கு முதல் நாள், அஸருக்குப் பிறகு மைமூனா குசினியில் உட்கார்ந்து வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். வறுத்த அரிசி மாவு, பொரித்த கருவாடு, தேசிக்காய் ஊறுகாய். ஸைனுலாப்தீன் கடைசி வீட்டிலும் பொருத்தம் கேட்டு முடித்துக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரே தரையில் குந்தினார். கதிரை பக்கத்திலேயே இருந்தது, அதில் உட்காரவில்லை.

"மைமூனா, எல்லாரிட்டயும் கேட்டுட்டன். நீதான் மிச்சம்."

"பொருந்திட்டன். அந்த மூடிய எடுத்துத் தாங்க."

"கேக்காமப் பொருந்தாத. கேட்டுட்டுப் பொருந்து."

மூடியை அவர் எடுத்துத் தரவில்லை. மைமூனா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் வழமையான அந்த நிதானம் இல்லை.

"எழுபத்தஞ்சில கடிதம் வந்த."

"என்ன கடிதம்?"

"ஹஜ்ஜுக் கடிதம். எனக்கு மட்டும் வந்த. உன்ட பேர அடுத்த வருசத்துக்கெண்டு வெச்சிருந்தாங்க. கடை விலாசத்துக்கு வந்ததால உனக்குத் தெரியாது."

மைமூனாவின் கை மாவுக்குள்ளேயே நின்றது.

"சுகமில்ல, இந்த வருசம் வர ஏலாது எண்டு பதில் எழுதிட்டன்."

"உங்களுக்கு என்ன சுகமில்ல?"

"ஒண்டும் இல்ல."

மடியில் இருந்த மாவுத் தகரப் பேணியை எடுத்து அவருடைய தலையில் போட்டால் என்ன என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. நாளைக்கு ஹஜ்ஜுக்குப் புறப்படப் போகிற தலை என்பதால் விட்டாள். கூப்பிட்டு அனுப்பிய அழைப்பை, கடமையான ஹஜ்ஜை, ஒரு பொய்யை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டு, இந்த மனிதர் மூன்று வருடமாகப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறார்.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீ என்ன அனுப்பி இருப்பாய்."

"ஓம், அனுப்பித்தான் இருப்பன். அனுப்பாம? கடம எண்டு ஒண்டு இரிக்கில்லயா?"

"அதான். துறையடி வரைக்கும் வந்து, சிரிச்ச முகத்தோட ஏத்தி விட்டிருப்பாய். லாஞ்சி போன பிறகு நீ தனியத் திரும்பி நடந்து வந்திருப்பாய். அத நினைச்சுக்கொண்டு அங்க போய் நான் என்னத்தக் கேக்க?"

மைமூனாவுக்குக் கோபம் இன்னும் முடியவில்லை. முடிய விடவும் அவளுக்கு மனமில்லை.

"அப்ப இந்த மூணு வருசமும் அவன்ட நேரம், அவன்ட நேரம் எண்டு சொன்னது?"

"வேற என்னத்தச் சொல்ல? வாசல் வரைக்கும் கூப்பிட்டவன நான்தானே திருப்பி அனுப்பினனான். பிறகு ரெண்டு வருசம் உன்ட பேரும் வரல்ல, என்ட பேரும் வரல்ல. என்ட பிழைக்கு உன்னையும் சேத்துத் தண்டிக்கிறான் எண்டு நினைச்சன். நீ கொழும்புக்குப் போய்ச் சத்தம் போடச் சொன்னாய். எந்த முகத்தோட நான் சத்தம் போட?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஊர் நான் பொறுமைசாலி எண்டு சொல்லுது. அது பொறும இல்ல மைமூனா. எழுபத்தஞ்சுக்குப் பிறகு நான் அவனிட்ட ஹஜ்ஜக் கேக்கவே இல்ல. கேக்க வெக்கமா இருந்த. நீ பாயில இருந்து சண்ட பிடிக்கக்குள்ள வெளியில இருந்து கேட்டுக்கொண்டு ஆமீன் சொல்லிட்டுப் போயிருவன். அவ்வளவுதான் என்ட துஆ."

மைமூனா கையிலிருந்த மாவை மெதுவாகத் தட்டினாள். ஊருக்கே வாய்க்காரி, பொறுமை கெட்டவள் என்று பெயரெடுத்தவள் அவள். ஆனால் பார்க்கப்போனால், படைத்தவனின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். கோபத்தோடுதான் தட்டினாள். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்ததால்தானே கோபமே வந்தது? அதை நினைத்ததும் அவளுக்கு அந்தப் பதினேழு நாள் நினைவுக்கு வந்தது.

"நீங்க செய்த வேலைக்கு நான் ஆரோட கோபிச்சனான் எண்டு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "அந்த வருசம் பதினேழு நாள் நான் படைச்சவனோட கதைக்கல்ல. கடிதம் அனுப்பினவனோட கோபம். திருப்பி அனுப்பினவருக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கன். இப்ப அவனிட்ட நான் எப்பிடிப் பொருத்தம் கேக்க?"

"அதுக்குத்தானே போறம்" என்றார் அவர்.

மைமூனா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு கருவாட்டைத் தாளில் சுற்றிக் கட்டினாள். ஒரு முடிச்சுப் போட வேண்டிய இடத்தில் மூன்று முடிச்சுப் போட்டாள். அவர் அசையாமல் எதிரே குந்தியிருந்தார். அவள் பொருந்தாவிட்டால் நாளைக்கு லாஞ்சி ஏற அவருக்கு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். இந்த மனிதர் ஒரு விசயத்துக்காகத் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடத்தில் இன்றைக்குத்தான் பார்த்தாள். பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

"பொருந்திட்டன்," என்றாள் கடைசியில். "முழு மனசோடதான். கோபம் இருக்கு. அது வேற."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இப்ப நீங்க எனக்குப் பொருந்தணும்," என்றாள் மைமூனா. "ஏழு வருசமா என்ட வாயால உங்கள நான் சும்மா விடல்ல. மரம் எண்டு ஏசினனான், கல்லு எண்டு ஏசினனான். மகள்ட முன்னால ஏசினனான். மருமகன் கேக்கத்தக்கதா ஏசினனான்."

"பொருந்திட்டன்," என்றார் அவர், அவள் சொல்லி வாய் மூடுமுன்.

மைமூனாவுக்குத் திரும்பவும் பற்றிக்கொண்டு வந்தது.

"இவ்வளவு சுருக்காச் சொன்னா என்ன அர்த்தம்? நான் ஏசினதொண்டும் உங்கட காதில விழவே இல்லயா? ஒவ்வொண்டா நல்லா நினைச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. அங்க போய் நிக்கக்குள்ள ஒண்டும் மிச்சம் இருக்கக் கூடாது."

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நினைத்துப் பார்க்கத் தொடங்கினார். நிறைய இருந்தது போலும், நெடுநேரம் எடுத்தது. மைமூனா முழங்காலைத் தடவிக்கொண்டு, அவசரப்படுத்தாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள்.